அரிவாள் வெட்டு, ஆசிட் வீச்சு, தீக்காயம்... குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு: சிவகாசி மக்கள் எங்கே, எப்படிக் கேட்பது?

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால், பெரும்பாலும் அன்று இரவுக்குள் நிவாரண அறிவிப்பு வந்துவிடும். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, பலத்த காயமடைந்தவருக்கு இவ்வளவு என்று டிவியில் ஓடும். மறுநாள் அமைச்சரோ, கலெக்டரோ நேரில் வந்து பார்ப்பார்கள்.

அதே சிவகாசியில் கொடுக்கல் வாங்கல் தகராறில் ஒருவருக்கு வெட்டு விழுந்து கை செயலிழந்தால்? தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண் மீது யாரோ மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தால்? எந்த அறிவிப்பும் வராது. போலீஸ் கேஸ் நடக்கும், ஆஸ்பத்திரிச் செலவு தனியே நடக்கும். கம்மலை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, வேலையை விட்டு, ஒன்றரை வருஷம் கழித்து கோர்ட்டுக்கு சாட்சி சொல்லப் போகும்போதுதான் பலருக்கு ஒரு விஷயம் தெரிய வருகிறது: இதற்கும் அரசாங்கம் இழப்பீடு தரும். ஆனால் யாரும் வீடு தேடி வந்து அறிவிக்க மாட்டார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

அந்தப் பணத்தை எங்கே கேட்பது, எவ்வளவு கிடைக்கும், எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதுதான் இந்தத் தொகுப்பு.

குற்றவாளி தர வேண்டிய பணத்தை அரசு ஏன் தருகிறது?

வெட்டியவனே காசு தரட்டும் என்பது நியாயமான பேச்சுதான். சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. குற்றவாளிக்குத் தண்டனை விதிக்கும்போது, அபராதத்தில் ஒரு பகுதியையோ, அபராதம் இல்லாவிட்டாலும் தனியாக ஒரு தொகையையோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 357வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 395வது பிரிவு.

சிக்கல் என்னவென்றால், அதற்குக் குற்றவாளி பிடிபட வேண்டும், வழக்கு முடிய வேண்டும், அவனிடம் பணமும் இருக்க வேண்டும். அப்பீல் போய்விட்டால் அபராதத்திலிருந்து வர வேண்டிய தொகையும் அதுவரை காத்திருக்கும். தையல் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லாமல் இருப்பவருக்கு இதனால் என்ன பயன்?

இந்த யோசனையில்தான் உலகம் முழுக்க அரசே பணம் தரும் திட்டங்கள் வந்தன. நியூசிலாந்து 1963ல் இதற்காகச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் தொடங்கியது. 1985ல் ஐ.நா. பொதுச்சபை, குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு குற்றவாளியிடமிருந்து முழு இழப்பீடு கிடைக்காதபோது அரசுகள் நிதி உதவி செய்ய முயல வேண்டும் என்று பிரகடனம் செய்தது. தமிழ்நாடும் 1995லேயே பாதிக்கப்பட்டோர் உதவி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. நாடு முழுவதற்குமான சட்டமாக இது வந்தது 2009 டிசம்பர் 31 அன்று. அன்றுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்ற புதிய பிரிவு அமலுக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் தனித் திட்டம் வகுக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. தமிழ்நாட்டின் திட்டம் 2013ல் வெளியானது. இப்போது அதே விஷயம் புதிய சட்டத்தின் 396வது பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலைக்கு முன்பு நடந்த சம்பவத்தின் பேப்பரில் 357ஏ என்று இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

ஆள் பிடிபடாவிட்டாலும், கேஸ் தோற்றாலும் கேட்கலாமா?

கேட்கலாம். இந்தத் திட்டத்தின் உயிரே இதுதான். பலர் விட்டுவிடுவதும் இங்கேதான்.

வெட்டிவிட்டு ஓடியவன் யார் என்றே தெரியவில்லை, அடையாளம் காண முடியவில்லை, அதனால் விசாரணையே நடக்கவில்லை என்றாலும், பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக மனு கொடுக்கலாம் என்கிறது சட்டம். இறந்துபோனவராக இருந்தால், அவரை நம்பி இருந்தவர்கள் மனு கொடுக்கலாம்.

கோர்ட்டில் எதிரி விடுதலையாகி, ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிபதி கருதினால், அவரே இழப்பீட்டுக்குப் பரிந்துரை செய்யலாம். தண்டனை கிடைத்து, எதிரி தரும் தொகை போதாது என்றாலும் பரிந்துரை செய்யலாம். 2013 மே மாதம் ஒரு கொலை வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு கிரிமினல் வழக்கிலும் இழப்பீடு தரலாமா என்று நீதிமன்றம் யோசித்தே ஆக வேண்டும், தராவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்றது. அரசு வழக்கறிஞரிடம் "சார், நஷ்டஈட்டுக்குப் பரிந்துரை கேளுங்க" என்று பாதிக்கப்பட்டவர் நினைவூட்டுவதில் தப்பே இல்லை.

'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கு உள்ள விளக்கமும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. பழைய சட்டத்தில், எதிரி மீது எந்தச் செயலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டதோ அந்தச் செயலால் பாதிக்கப்பட்டவர் என்று இருந்தது. புதிய சட்டத்தில் 'குற்றம் சாட்டப்பட்ட' என்ற நிபந்தனை இல்லை. எதிரியின் செயலாலோ, செய்யத் தவறியதாலோ இழப்போ காயமோ அடைந்தவர் என்றாலே போதும். காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் இதில் அடக்கம்.

முதல் 24 மணி நேரம்: ஆஸ்பத்திரியில் எழுதப்படும் நாலு வரி

இழப்பீடு கிடைப்பதும் கிடைக்காததும் பல நேரம் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவரிடம் டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டுச்சு?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஊரில் பெரிசாகிவிடக் கூடாது, சொந்தக்காரன் பேர் வரக் கூடாது என்று பயந்து "வண்டியில இருந்து விழுந்துட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. கணவன் கொளுத்திய தீக்கு "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்று சொல்லும் பெண்கள் இன்னும் அதிகம். பிறகு மனசு மாறி உண்மையைச் சொன்னாலும், அந்த முதல் நாலு வரிதான் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். இழப்பீட்டு விசாரணையிலும் அதே கேள்வி வரும்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் நடந்த எல்லை வேறு ஸ்டேஷன் என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. திருத்தங்கலா, சிவகாசி கிழக்கா, மாரனேரியா என்று அலையத் தேவையில்லை. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "பார்க்கலாம்" என்று அனுப்பினால், மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல, இழப்பீட்டு மனுவுக்கு அது போதாது.

மூன்றாவது, காயச் சான்று. சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று டாக்டர் எழுதுவதைப் பொறுத்துத்தான் வழக்கின் பிரிவும் மாறும், இழப்பீடும் மாறும். எலும்பு முறிவு, பல் உடைதல், கண் பார்வை அல்லது காது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போதல், முகம் நிரந்தரமாகச் சிதைதல் எல்லாம் கொடுங்காயம். பாதிக்கப்பட்டவர் 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் இருந்தாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. அதனால் டிஸ்சார்ஜ் ஆனதும் வீட்டில் படுத்துவிடாமல், ரிவியூவுக்குப் போய் சீட்டில் பதிவு போட்டு வாங்கி வைப்பது நல்லது. தீக்காயம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை சதவீதம் என்று இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

சிகிச்சைக்குக் காசு கேட்டால்?

ஆசிட் வீச்சு, பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குக்குரிய பாலியல் தாக்குதல்கள் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவருக்கு, அரசு ஆஸ்பத்திரி மட்டுமல்ல, தனியார் ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். புதிய சட்டத்தின் 397வது பிரிவு இது. "முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்று சொன்னால் அதுவே ஒரு குற்றம், ஜெயில் வரை போகலாம். தமிழ்நாட்டில் பலருக்கு ஆசிட் வீச்சு என்றதும் நினைவுக்கு வருவது காரைக்கால் சம்பவம். 2012 நவம்பரில் பாதிக்கப்பட்ட இளம் பெண் பொறியாளர், மூன்று மாதம் போராடி 2013 பிப்ரவரியில் சென்னையில் உயிரிழந்தார். அதே 2013 ஜூலையில், லட்சுமி வழக்கில், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவருக்குக் குறைந்தது 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் 1 லட்சம் சம்பவம் தெரிய வந்த 15 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

மற்ற குற்றங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால், இலவச முதலுதவி, மருத்துவ வசதி அல்லது இடைக்கால நிவாரணத்துக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழு உத்தரவிடலாம். இந்தச் சான்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான், வெட்டுக்குத்துக்கு அல்ல.

எவ்வளவு கிடைக்கும்?

பெண்களுக்கு ஒரு அட்டவணை, மற்றவர்களுக்கு வேறு அட்டவணை. 2018 மே மாதம், நிபுன் சக்சேனா வழக்கில், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தயாரித்த திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் அது நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடும் அதே அடிப்படையில் பெண்களுக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது.

அந்த அட்டவணைப்படி, பெண் கொல்லப்பட்டால் குடும்பத்துக்கு 5 முதல் 10 லட்சம். கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கும் அதே அளவு. பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். ஆசிட்டாலோ தீயாலோ முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். தீக்காயம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் 2 லட்சத்துக்குக் கீழே போகாது. கை, கால் போய் 80 சதவீதத்துக்கு மேல் நிரந்தர ஊனம் என்றால் 2 முதல் 5 லட்சம், 40 முதல் 80 சதவீதம் என்றால் 2 முதல் 4 லட்சம். தாக்குதலில் கரு கலைந்தால் 2 முதல் 3 லட்சம். பலத்த உடல் காயமோ, மறுவாழ்வு சிகிச்சை தேவைப்படும் மனக் காயமோ இருந்தால் 1 முதல் 2 லட்சம். பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் இந்தத் தொகைகளைவிட 50 சதவீதம் கூடுதல்.

பெண்களுக்கான திட்டம் என்றாலே பாலியல் குற்றத்துக்குத்தான் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது தவறு. பக்கத்து வீட்டுத் தண்ணீர்ச் சண்டையில் கட்டையால் அடிபட்டு கை முறிந்த பெண்ணும், கணவன் வெட்டியதில் விரலை இழந்த பெண்ணும் இதில் வருவார்கள். கணவன்தான் எதிரி என்பது இழப்பீட்டுக்குத் தடை இல்லை.

ஆண்களுக்கு 2013ம் ஆண்டுத் திட்டம்தான் அடிப்படை, அதில் தொகைகள் குறைவு. ஒரே அரிவாள், ஒரே மாதிரி காயம், ஆனால் இழப்பீடு வேறு. உச்ச நீதிமன்றம் பெண்களுக்கு உயர்த்தியது சரியான காரியம்தான், மற்றவர்களின் தொகையையும் அதற்கேற்பத் திருத்தாமல் விட்டதுதான் குறை. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு வலது கை போனால் குடும்பமே உட்கார்ந்துவிடுகிறது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் போக்சோ சிறப்பு நீதிமன்றமே இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு எந்தக் கட்டத்திலும் கேட்கலாம், தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு பணம் தர வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைக்கு குழந்தைகள் நலக் குழு தனியாகப் பரிந்துரை செய்யலாம்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கு என்றால் வழியே வேறு. அங்கே பணம் கலெக்டர் அலுவலகம் வழியாக, கட்டம் கட்டமாக வரும். பல குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போகும்போது 50 சதவீதம், தண்டனை கிடைத்தால் மீதி. கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததுமே பாதித் தொகை. தமிழ்நாடு அரசு 2021ல் இதன் உச்சவரம்பை 8.25 லட்சத்திலிருந்து 12 லட்சமாக உயர்த்தியது. வேறு சட்டப்படி இழப்பீடு கேட்கும் உரிமை இதனால் போய்விடாது என்று விதியிலேயே இருக்கிறது.

மனுவை எங்கே கொடுப்பது?

மாவட்டத்துக்குப் பேர் விருதுநகர், கலெக்டர் ஆபீசும் அங்கேதான். ஆனால் மாவட்டத் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அந்த கோர்ட் வளாகத்தோடு சேர்ந்தது. விஷயம் தெரியாமல் விருதுநகர் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, "இங்க இல்லம்மா" என்று கேட்டுத் திரும்பி வந்து ஒரு நாள் கூலியை விட வேண்டாம். சிவகாசி கோர்ட்டிலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அங்கே கேட்டாலும் மனுவை எப்படி எழுதுவது, எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்கள். நாடு முழுவதற்குமான இலவச சட்ட உதவி எண் 15100.

ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட முதன்மை நீதிபதி. அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் நீதிபதிதான். அதனால் அரசியல்வாதி சிபாரிசுக்கோ, இடைத்தரகருக்கோ இங்கே வேலை இல்லை. "நான் வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட் குடுங்க" என்று கோர்ட் வாசலில் யாராவது சொன்னால் நகர்ந்துவிடுவது நல்லது. மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

வக்கீல் வேண்டும் என்றாலும் இலவசமாகக் கிடைப்பார். 1987ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்று போகும் அந்தப் பட்டியலில் 'தொழிற்சாலைத் தொழிலாளர்' என்றும் இருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று பிழைக்கும் ஊருக்கு இந்த ஒரு சொல் பெரிய விஷயம். வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். நகல் அல்லது காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், அடையாள அட்டை, பேங்க் பாஸ்புக் நகல் வைக்க வேண்டும். ஊனம் இருந்தால் அதற்கான சான்று, மரணம் என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். கேஸ் முடிந்திருந்தால் தீர்ப்பு நகல். வேலை போனது, பிள்ளை படிப்பை நிறுத்தியது, கடன் வாங்கியது எல்லாவற்றையும் மனுவில் எழுத வேண்டும். வெட்கப்பட்டு விடக் கூடாது. தொகையை முடிவு செய்யும்போது சிகிச்சைச் செலவு, வருமான இழப்பு, படிப்பு பாதிப்பு, குடும்ப நிலை எல்லாம் பார்க்கப்படும். வேறு ஏதாவது அரசு நிதி வாங்கியிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அது கணக்கில் கழியலாம், ஆனால் மறைத்தது தெரிந்தால் முழு மனுவும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

போலீசுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. பெண்களுக்கான திட்டப்படி, இத்தகைய குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் அதன் நகலை ஸ்டேஷனே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியாச்சா என்று கேட்பதற்குப் பாதிக்கப்பட்டவருக்கு முழு உரிமை உண்டு.

எத்தனை நாளில் வரும்?

மனு கிடைத்த இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்குள்ளேயே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். பெண்களுக்கான திட்டத்தில், உடனடித் தேவைக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை தரவும், பிறகு உச்சத் தொகையில் குறைந்தது 25 சதவீதத்தை இடைக்காலமாக வழங்கவும் இடம் உண்டு. இதை மனுவிலேயே தனியாகக் கேட்டு எழுத வேண்டும்.

இறுதித் தொகை முழுவதும் கைக்கு வராது. பெண்களுக்கான திட்டத்தில் பொதுவாக 25 சதவீதம் எடுக்கலாம், 75 சதவீதம் குறைந்தது மூன்று வருஷம் பேங்க்கில் டெபாசிட்டாக இருக்கும். மைனர் என்றால் 80 சதவீதம் டெபாசிட், 18 வயது ஆகும் வரை. ஆபரேஷன், படிப்பு போன்ற தேவை இருந்தால் முன்பே எடுக்க அனுமதி கேட்கலாம். இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. ஆனால் பணம் வந்த வாரமே சொந்தக்காரர்களும் கடன்காரர்களும் வாசலில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கணக்கு பாதிக்கப்பட்டவரின் பெயரில் மட்டும் இருப்பது நல்லது, முக்கியமாக எதிரி வீட்டு ஆள் என்றால்.

காலக் கெடுவை மறக்கக் கூடாது. பெண்களுக்கான திட்டத்தில் சம்பவம் நடந்து மூன்று வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். மற்றவர்கள் அவ்வளவு காலம் இருக்கிறது என்று நினைத்து உட்காராமல், எஃப்.ஐ.ஆர். கையில் கிடைத்ததுமே மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

பட்டாசு ஆலை வெடித்தால், அது குற்றமா விபத்தா?

சிவகாசியில் காயம் என்றால் பாதிப் பேருக்கு நினைவுக்கு வருவது வெடிதான். அதை 'விபத்து' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் அது பெரும்பாலும் கிரிமினல் வழக்காகத்தான் பதிவாகிறது. வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டது, அலட்சியத்தால் மரணம், சில நேரம் கொலைக்குச் சமமாகாத மரணம் விளைவித்த குற்றம் என்ற கடுமையான பிரிவு வரை போகும். உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் வேறொருவர், ஒரு ரூமில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் என்றால், அதைத் தலைவிதி என்று சொல்ல முடியாது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிப்பில் 38 பேர் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அச்சங்குளம் சம்பவத்தில் அன்றே மாநில அரசு இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சமும், பலத்த காயமடைந்தவர்களுக்கு 1 லட்சமும் அறிவித்தது. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து 2 லட்சமும் 50 ஆயிரமும் அறிவிக்கப்பட்டன. பலர் கதை இதோடு முடிந்தது என்று நினைத்தார்கள். முடியவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, குழு அமைத்தது. 2021 ஜூனில், இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம், 50 சதவீதத்துக்கு மேல் தீக்காயம் அடைந்தவர்களுக்கு 15 லட்சம், அதற்குக் கீழே சதவீதத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் குறையும் தொகை என்று உத்தரவிட்டது. அன்று இரவு அறிவித்த தொகைக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே, நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு என்பது புரியும். நிவாரணம் அரசு மனமுவந்து தருவது, இழப்பீடு உரிமையாகக் கேட்டு வாங்குவது.

பசுமைத் தீர்ப்பாயத்தில் ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும். ஆலை உரிமையாளரிடம் தவறு இருந்ததா இல்லையா என்று நிரூபிக்கும் பாரமும் அங்கே தொழிலாளி மேல் இல்லை. தவறே இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்பதுதான் அந்தச் சட்டத்தின் கொள்கை. வேலை பார்த்த இடத்தில் காயம் என்பதால் தொழிலாளர் இழப்பீட்டுக்கும், இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் அதன் பலன்களுக்கும் தனியே கேட்கலாம். இங்கே பெரிய தடை ஒன்றுதான்: வேலை பார்த்ததற்கு ஆதாரம். அட்டையில் பேர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, வாரக் கூலி கையில் வாங்கினது. அதனால் எஃப்.ஐ.ஆரில் காயம்பட்டவர்கள் பட்டியலில் பேரும், எந்த ஆலை, எந்த ரூம் என்ற விவரமும் சரியாக இருக்கிறதா என்பதைக் குடும்பத்தார் உடனே பார்க்க வேண்டும். வீட்டில் கருந்திரி சுற்றும்போதோ, அனுமதியில்லாத செட்டில் வேலை பார்க்கும்போதோ காயம்பட்டவர்கள் போலீசுக்குப் பயந்து தனியார் ஆஸ்பத்திரியில் சத்தமில்லாமல் சிகிச்சை பார்த்துக்கொள்வதும் நடக்கிறது. அப்போது எந்தக் கதவும் திறக்காது.

"பேசி முடிச்சுக்கலாம்" என்று வந்தால்?

வெட்டுக்குத்து கேஸானாலும் வெடி கேஸானாலும், மூணாம் நாள் யாராவது பெரிய மனுஷர் வீட்டுக்கு வருவார். "அண்ணே, கோர்ட்டு கேஸுன்னு அலையப் போறீங்களா, இந்தாங்க ஒரு தொகை" என்பார். பத்திரத்தில் கையெழுத்து கேட்பார். சின்னச் சண்டைகளில் சமாதானம் தப்பில்லை, சில பிரிவுகளில் சட்டமே கோர்ட் மூலமாக ராஜியை அனுமதிக்கிறது. ஆனால் கொலை முயற்சி, ஆசிட், பாலியல் குற்றம் போன்றவற்றை ஊர்ப் பஞ்சாயத்தில் முடிக்க சட்டத்தில் இடமே இல்லை. அப்படி வாங்கிய தொகைக்காகக் கோர்ட்டில் "இவர் இல்லை" என்று மாற்றிச் சொன்னால், பொய்ச் சாட்சி நடவடிக்கை வரலாம். புகாரே பொய் என்று நீதிமன்றம் முடிவு செய்தால், அரசு தந்த இழப்பீட்டைத் திருப்பிக் கேட்கவும் திட்டத்தில் வழி உண்டு. கையெழுத்துப் போடும் முன் 15100க்கு ஒரு போன் போட்டால், இலவச வக்கீல் அந்தப் பத்திரத்தைப் படித்துச் சொல்வார்.

மனு தள்ளுபடியானால்?

தொகை குறைவு என்றாலும், மனுவே தள்ளுபடி என்றாலும், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அப்பீல் செய்யலாம் என்று பெண்களுக்கான திட்டம் சொல்கிறது. அதற்கு மேல் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. அடித்தது போலீஸே என்றால், மாநில மனித உரிமை ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

பெண்கள் அவசர உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098, போலீசுக்கு 100 அல்லது 112, இலவச சட்ட உதவிக்கு 15100.